மூன்று ஓலை வாசித்த பத்தி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் நான் புதுக்கோட்டையில் காலேஜில் பி.யூ.சி. வகுப்பில் சேர்ந்தபோது, எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஆவூரே நம்பிக்கொண்டிருந்தது. நம்பவைத்தவன் நான்தான். ஊரில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, உதட்டைப் பிதுக்கி, கொண்டுவந்தவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, "யாருக்கோ ஒடம்பு சரியில்ல போலருக்கு" என்பேன். அந்தக் காலத்தில் தந்தி என்றாலே அதுதான் என்பதால் என் இங்கிலீஷ் ஒருநாளும் பொய்த்ததில்லை.

காலேஜில் அப்படி முகம் பார்த்து அர்த்தம் சொல்ல முடியவில்லை. சரித்திரம், பௌதிகம், எல்லாமே இங்கிலீஷில் நடந்தது. பதினோராவது வரை தமிழிலேயே படித்துவிட்டு வந்த எங்களைப் போன்றவர்களுக்காக வாரத்தில் இரண்டு மணி நேரம் தனி வகுப்பு வைத்தார்கள். வாக்கியம் எழுதுவது எப்படி, நாலு வாக்கியம் சேர்த்துப் பத்தி எழுதுவது எப்படி என்று சொல்லித்தருகிற வகுப்பு. மற்ற மாணவர்கள் அதற்கு 'பாலர் வகுப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் மீசை வைத்த பாலன்.

வகுப்பு எடுத்தவர் பிரகதாம்பாள் மிஸ். எம்.ஏ. முடித்த கையோடு வேலைக்கு வந்தவர். எங்களைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். மெல்லிய குரல், தடித்த கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. எங்களை 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிடுவார். அப்படி ஒரு மரியாதையை அதற்கு முன் அனுபவித்திராத நாங்கள், அவர் கூப்பிடும்போதெல்லாம் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்ப்போம்.

முதல் மாதம் என் வாக்கியம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். நான் காலையில் எழுந்து, முகம் கழுவி, ஜெபம் சொல்லி, கஞ்சி குடித்து, மாட்டை அவிழ்த்துவிட்டு, பள்ளிக்கூடம் போய், திரும்பி வந்து என்று பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடி, இரண்டாம் வரியிலும் ஓடியது.

"மிஸ்டர் சந்தனசாமி, இந்த வாக்கியம் கீரனூர்ல பஸ் ஏறியிருக்கு. எங்க எறங்கும்னு உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியாதுங்க மிஸ். நல்லா போய்க்கிட்டிருக்கேன்னு விட்டுட்டேன்."

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. சிரித்தது இரண்டாவது மாதம், 'சந்தை' என்ற தலைப்பில் பத்தி எழுதச் சொன்னபோது.

இங்கே என் குலப்பெருமை கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் அப்பா ஆவூர்க் கோயிலில் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித் தருவதும், சாமியாருக்கு ஒத்தாசையாக நின்று கல்யாண ஓலை வாசிப்பதும் அவர் வேலை. எங்கள் சபையில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அதை எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். இன்ன ஊர் இன்னார் மகனுக்கும், இன்ன ஊர் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது; இது முதலாம் ஓலை; இந்த விவாகத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடவார்கள். அப்பா இதை வாசித்தால் கோயில் தூண்கூடக் காது கொடுக்கும். எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பிருந்தே காதில் விழுந்த எழுத்துநடை அது ஒன்றுதான். எதையாவது எழுது என்றால் என் கை தானாக அந்தப் பக்கம் போய்விடும்.

போய்விட்டது. நான் இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'கீரனூரில் விவசாயிகளுக்கும் வியாபாரிகளுக்கும் சந்தை நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. அதில் கத்தரிக்காயும் ஆடும் வரும். அங்கே என் மாமாவின் காளை உண்டு. அது நல்ல காளை. இந்தச் சந்தைக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பெரியவர்களிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.'

பிரகதாம்பாள் மிஸ் அதை உரக்கப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"சந்தைக்கு எதுக்கு யாரும் தடை சொல்லணும்?"

"வழக்கமா கேக்குறதுதாங்க மிஸ்."

"எங்க?"

நான் எழுந்து நின்று ஓலைச் சங்கதியை விளக்கினேன். யாரும் கேட்காமலே அப்பாவின் குரலில் ஒருமுறை வாசித்தும் காட்டினேன். வகுப்பு மேஜையைத் தட்டிச் சிரித்தது. மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, கேட்டுட்டீங்க. தெரிஞ்சுக்கிட்டு சொல்லாம இருந்தா எனக்குத்தான் பாவம்" என்று சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

தாள் திரும்பி வந்தபோது அதில் ஆவக்காய் ஊறுகாய் கொட்டியது போலிருந்தது. அவருக்குத் தெரிந்த தடைகள் அத்தனையும் எழுதியிருந்தார். ஓரத்தில் மட்டும் தனியாக ஒரு வரி: 'ஆனால் இந்தப் பத்திக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது. வகுப்பில் வேறு யாருக்கும் அது இல்லை.' இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று புரியாமல் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அரைப் பரீட்சையில் இங்கிலீஷில் ஒற்றை இலக்கம் வாங்கினேன். எத்தனை என்பது இங்கே அவசியமில்லை. இரண்டு பேர் என்னைவிடக் குறைவு, அதில் ஒருவன் பரீட்சைக்கே வரவில்லை. செய்தி எனக்கு முன்னால் ஆவூர் போய்ச் சேர்ந்தது.

என் தாய்மாமன் மைக்கேல்சாமிக்கு வீடு ஆவூரில், கடலை மண்டி விராலிமலையில். அவருக்கு ஒரே மகள், வியாகுலமேரி. பெயர்தான் வியாகுலம், அவளுக்கு ஒரு வியாகுலமும் கிடையாது, மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தாள், என்னைவிட நல்ல மார்க்கில். இதை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அவள் மட்டும் சொல்வாள். எனக்கு அவள்தான் என்பது நாங்கள் தவழ்ந்த காலத்திலேயே பேசி முடித்தது. உறவுக்குள் கல்யாணம் என்பதால் மேற்றிராணியாரிடம், அதாவது பிஷப்பிடம், விசேஷ உத்தரவு வாங்க வேண்டும். அதற்குக்கூட மாமா ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாமா, சாமியார் முன்னாலேயே அப்பாவிடம் தீர்ப்பைச் சொன்னார்.

"மச்சான், மாப்ள இந்த வருசம் பாஸாகட்டும், மேல படிக்கட்டும். கல்யாணத்த மூணு வருசம் தள்ளி வச்சுக்கலாம். அதுவரைக்கும் இவளும் ஆசப்பட்டபடி திருச்சியில டீச்சர் டிரெயினிங் படிக்கட்டும். பெயிலாயிட்டாருன்னு வைங்க, ரெண்டு பேருக்கும் படிச்சது போதும். வைகாசியில ஓலைய வாசிச்சுட்டு, மாப்ளய மண்டிக்கு அனுப்பி வைங்க. மூட்டை தைக்க எனக்கும் ஆளு வேணும்."

சாமியார் "நியாயமாத்தான் படுது" என்றார். அப்பாவும் தலையாட்டினார். என் பரீட்சையில் இன்னொருத்தியின் படிப்பைக் கட்டிவிட்டு எல்லோரும் காப்பி குடிக்கப் போனார்கள்.

வியாகுலம் என்னைக் கோயில் சுவரோரமாக மடக்கினாள்.

"அத்தான், ஒரு சங்கதி."

"சொல்லு."

"எனக்கு ஒங்க மேல கோவம்னு ஒண்ணும் இல்ல."

"தெரியும் புள்ள."

"கட்டிக்கவும் எனக்கு ஆட்சேபம் இல்ல, அது எப்பவோ நடந்துட்டுப் போகுது. ஆனா நீங்க பெயிலாகிட்டு வந்து நின்னு, என் டிரெயினிங்கும் போச்சுன்னு வைங்க, காலம் பூராவும் உப்பில்லாமத்தான் சோறாக்கிப் போடுவேன்."

பல்கலைக்கழகம் பரீட்சைக்கு எத்தனையோ எச்சரிக்கை அச்சடித்துக் கொடுத்திருந்தது. ஒன்றும் எனக்கு இப்படி உறைத்ததில்லை. அவள் அப்போது சிரிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். சுவரிலிருந்த காரையைப் பெயர்த்துக்கொண்டே சொன்னாள். கண் மட்டும் ரோட்டைப் பார்த்தது.

ஹாஸ்டலில் எனக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் ஆத்மநாதன், ஆவுடையார்கோயில் பக்கம். நோட்ஸ் புத்தகத்திலிருந்த பத்திகள் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம், அச்சுப்பிழை உட்பட. இன்னொருவன் கீரமங்கலத்து நல்லதம்பி. அவன் வீட்டில் ஒரு வரப்புக்காகத் தாத்தா காலத்திலிருந்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. பால்குடி மறந்ததும் கோர்ட்டுப் பேச்சு பழகியவன். சாம்பாரில் உப்பு குறைந்தாலும் "ஆட்சேபணை" என்றுதான் சொல்வான்.

ஒருநாள் சாயங்காலம் என் பெட்டியைக் குடைந்த நல்லதம்பி அந்தச் சிவப்புத் தாளை எடுத்துவிட்டான். வராந்தாவுக்குக் கொண்டுபோய், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, என் அப்பா மாதிரி தொண்டையைக் கனைத்தான்.

"முதலாம் ஓலை" என்று ஆரம்பித்தான். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். சந்தை வந்தது, கத்தரிக்காய் வந்தது, ஆடு வந்தது. மாமாவின் காளை வந்த இடத்தில் நல்லதம்பி நின்றுவிட்டான். துண்டை இறக்கினான்.

"டேய் உபதேசி, இதுக்கு நெசமாவே ஆட்சேபணை இருக்குடா."

"என்னவாம்?"

"சந்தையைப் பத்திச் சொல்றேன்னு கூட்டிட்டுப் போற. பாதியில காளைய அவுத்து விடுற. இப்ப நான் சந்தையப் பாக்குறதா, காளையப் பிடிக்கிறதா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். "மாப்பிள்ள பேசக் கூடாது. ஓலை வாசிக்கையில மாப்பிள்ள எந்திரிச்சுப் பேசுனா உங்க கோயில்ல விடுவாங்களா?" என்று அடக்கினான்.

விடமாட்டார்கள்தான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். காளையை எப்படி நியாயப்படுத்தலாம் என்று மனசுக்குள் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைக்கே அதை அடித்துவிட்டேன். மறுநாள் திருத்தி எழுதியதை நானே கொண்டுபோய் நல்லதம்பியிடம் கொடுத்தேன். "இது ரெண்டாம் ஓலை. வாசி."

கேலியாக ஆரம்பித்தது இப்படித்தான் எங்களுக்குத் தொழிலாகிப் போனது. யார் பத்தி எழுதினாலும் மூன்று சாயங்காலம் வராந்தாவில் வாசிக்க வேண்டும். எழுதியவன் வாசிக்கக் கூடாது, இன்னொருவன் வாசிப்பான். தடை தெரிந்தவன் சொல்லலாம், எழுதியவன் வாய் திறக்கக் கூடாது. இந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை என்பான் ஒருவன். வினைச்சொல்லைக் காணோம், யாராவது எடுத்தீர்களா என்பான் இன்னொருவன். இவர் யார், திடீரென்று உள்ளே வருகிறார் என்று ஒருவன் கேட்பான். பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது முதல் வாரம் சித்திரவதையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. நாம் விளக்கம் சொல்லித்தான் புரியும் என்றால் அந்த விளக்கம் தாளில் இருந்திருக்க வேண்டும் என்று மெல்லப் புரிந்தது.

ஆத்மநாதனின் முதல் ஓலையில் ஒரு பிழையும் இல்லை. நோட்ஸிலிருந்த 'ரயில் பயணம்'. நல்லதம்பி முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"ஆட்சேபணை. இந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சு. இது புத்தகம் போட்டவன் பொண்டாட்டி. அடுத்தவன் பொண்டாட்டிய இழுத்துக்கிட்டு வந்து நிக்கிறியேடா."

ஆத்மநாதன் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அவன் ஊர்க் கோயிலின் கல் கூரைமேல் மழை பெய்தால் உள்ளே எப்படிக் கேட்கும் என்று நாலு வரி எழுதிக்கொண்டு வந்தான். வரிக்கு இரண்டு தப்பு இருந்தது. ஆனால் யாரும் தடை சொல்லவில்லை. எல்லோருக்கும் அந்த மழை கேட்டிருக்க வேண்டும்.

ஹாஸ்டல் சமையல்காரர் ராக்கனுக்கு மட்டும் இது பெரிய கவலையாகப் போயிற்று. அன்றாடம் முதலாம் ஓலை, இரண்டாம் ஓலை என்று காதில் விழ, "ஏன் தம்பி, வரிசையா எல்லாருக்கும் கல்யாணம் பேசுறாகளே, படிப்பு என்னத்துக்கு ஆகும்?" என்று என்னைத் தனியாகக் கேட்டார். ஆவூரில் எனக்கும் அதே பயம்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போனபோது, மூன்று ஓலையும் முடித்துத் தடையில்லாமல் தேறிய பத்தி ஒன்றைப் பெருமையாகக் கொண்டுபோனேன். தலைப்பு 'என் உறவினர் ஒருவர்'. மாமாவைப் பற்றித்தான். வியாகுலத்திடம் கொடுத்தேன். அவள் கிணற்றடியில் நின்றபடியே படித்தாள், வாளியைக் கூடக் கீழே வைக்காமல்.

"எப்படி?"

"எங்கப்பாவப் பத்தியா எழுதியிருக்கீங்க?"

"பின்ன?"

"இதுல எங்கப்பா எங்க இருக்காரு? நல்லவரு, வல்லவரு, பக்தி உள்ளவரு, ஏழைக்கு இரங்குறவரு. பயந்துக்கிட்டு எழுதியிருக்கீங்க அத்தான்."

"மூணு ஓலை வாசிச்சாச்சு. ஒருத்தனும் தடை சொல்லல."

"அவங்களுக்கு எங்கப்பாவத் தெரியாது. எனக்குத் தெரியும்." வாளியை வைத்தாள். "நல்லவருன்னு ஒரு தடவ சொன்னாப் போதும். மிச்ச வரியெல்லாம் ஏன் நல்லவருன்னு சொல்லணும். நீங்க ஒவ்வொரு வரியிலயும் திரும்பத் திரும்ப நல்லவருங்கறீங்க. சந்தேகமா இருக்கறவங்கதான் அப்படிச் சொல்லுவாங்க."

நான் வழக்கப்படி வாய் திறக்கவில்லை. அந்தப் பத்தியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி எழுதினேன். லீவு முழுக்க அவள் தடை சொன்னாள். ஹாஸ்டலில் பத்துப் பேர் சேர்ந்து கண்டுபிடிக்காததை அவள் தண்ணீர் இறைத்துக்கொண்டே கண்டுபிடித்தாள். ஒருமுறை மட்டும் தாளைத் திருப்பிக் கொடுத்து ஒன்றும் சொல்லாமல் போனாள். அன்றைக்கு இரண்டு கிண்ணம் பாயாசம் குடித்தேன்.

மார்ச்சில் பரீட்சை வந்தது. வினாத்தாளைத் திருப்பியதும் மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பசு இல்லை, மழைக்காலம் இல்லை, ரயில் பயணம் இல்லை. நோட்ஸ் புத்தகம் கண்டிராத தலைப்பு: 'தெருவில் ஒரு சண்டை'. எனக்கு இரண்டு வரிசை முன்னால் நல்லதம்பி உட்கார்ந்திருந்தான். தலைப்பைப் பார்த்ததும் அவன் தோள் குலுங்கியது. பரம்பரை வழக்காளி, அவனுக்குப் பல்கலைக்கழகமே விருந்து வைத்த மாதிரி.

நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். முதலில் சந்தைச் சண்டை ஒன்றை நினைத்தேன். நினைத்ததும் காளை வந்து நின்றது. அதை ஓட்டிவிட்டு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் தெருவில் நான் பார்த்ததையே எழுதினேன். தமிழில் சொன்னால் இது:

'நான் பார்த்த சண்டைகளிலேயே சத்தம் குறைந்தது என் மாமாவும் அவர் மகளும் போட்ட சண்டை. மாமா வாசலில் வண்டி பூட்டிக்கொண்டிருந்தார். மகள் வந்து, டிரெயினிங் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் வாங்கி வரச் சொன்னாள். அவர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் மாட்டிடம் பேசினார். அவள் போய் மாட்டுக்கு முன்னால் நின்றுகொண்டாள். மாடுகள் அவளுக்குத் தெரிந்த மாடுகள், அவை நகரவில்லை. தெருவில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் மாமா விண்ணப்பம் வாங்கி வருகிறேன் என்று மாட்டிடமே சொன்னார். அவள் வழிவிட்டாள்.'

இதற்குமேல் ஒரு வரி வேண்டும். அங்கேதான் நின்றேன். சுற்றிலும் யாரும் தடை சொல்வாரில்லை. ஆனால் நல்லதம்பியின் பின்னங்கழுத்து எனக்கு நேராக இருந்தது; அது எதற்கோ ஆட்சேபிக்கிறது போலவே பட்டது. எழுதியதை முதலிலிருந்து வேறொருவன் எழுதியதாக நினைத்துப் படித்தேன். ஒரு வாக்கியம் பஸ் ஏறி ஓடியிருந்தது. அதை இரண்டாக வெட்டினேன். படித்து வரும்போதுதான் எனக்கே தெரிந்தது, அன்றைக்கு அவள் வழியை மறித்த சுமையில் நானும் ஒரு மூட்டை என்று. விண்ணப்பம் வந்தாலும் அதை நிரப்புகிற உரிமை என் மார்க்கில்தான் கிடந்தது. உப்பில்லாத சோற்றுக்குப் பயந்து நான் இத்தனை நாள் படிக்கவில்லை, அந்தப் பெண் மாட்டுக்கு முன்னால் நின்ற தினுசுக்காகப் படித்திருக்கிறேன்.

கடைசி வரியை எழுதினேன்: 'அந்தச் சண்டையில் அவள் கையை உயர்த்தவில்லை, குரலை உயர்த்தவில்லை, ஆனால் ஜெயித்தவள் அவள்தான்.' முற்றுப்புள்ளி வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழுத்தி வைத்த புள்ளி வேறு இல்லை. மறுபக்கத்தில் தாள் புடைத்துக்கொண்டது.

வெளியே வந்ததும் பிரகதாம்பாள் மிஸ் மரத்தடியில் நின்றிருந்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சண்டை எப்படிப் போச்சு?"

"மிஸ், என் சண்டையில ரெண்டு கட்சிக்கும் வக்கீல் வச்சிருக்கேன்" என்றான் நல்லதம்பி.

"பத்திக்குள்ள தீர்ப்பு வந்துச்சா?"

"வாய்தா கேக்கலைங்க மிஸ். அன்னைக்கே தீர்ப்பு."

ஆத்மநாதன், தன் தெருவில் சண்டையே கிடையாது என்பதைப் பற்றி எழுதியிருந்தான். ஏன் கிடையாது என்று காரணமும் சொல்லியிருந்தானாம். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மே மாதக் கடைசியில் ரிசல்ட் வந்தது. திருச்சியிலிருந்து பத்திரிகை ஏற்றிவரும் பஸ்ஸுக்காக விராலிமலையில் ஒரு டீக்கடையில் காத்திருந்தேன். எண்களாகவே அச்சடித்த பக்கம். என் எண் இருந்தது. மறுபடி பார்த்தேன், இருந்தது. டீக்கடைக்காரரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன், அவருக்கும் இருந்தது. நல்லதம்பியின் எண், ஆத்மநாதனின் எண், வராந்தாவில் துண்டு விரித்து உட்கார்ந்தவர்கள் எண்ணெல்லாம் தேடினேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பாலர் வகுப்பு முழுக்கக் கரையேறியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் எதற்கென்று கேட்காமல் குடித்தார்.

ஆவூர் திருப்பத்தில் வியாகுலம் நின்றிருந்தாள். கொஞ்சம் விளையாடலாம் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தேன்.

"நடிக்காதீங்க அத்தான். பெயிலானவரு டீ குடிச்சுட்டா வருவாரு? மீசையில பாலேடு ஒட்டியிருக்கு."

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். பதினெட்டு வயதுப் பெண் அப்படித் தெருவில் ஓடி ஆவூர் பார்த்ததில்லை.

சாயங்காலம் மாமா ஒரு பூவன்தாரைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் ஆரோக்கியம்மாள் அத்தையும் வியாகுலமும். மாமா முகம் மலர்ந்திருந்தது. அதிகமாகவே மலர்ந்திருந்தது.

"மச்சான், ஓலைய வர்ற ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சிருங்க."

அப்பா விழித்தார். "பாஸாயிட்டானே. தள்ளிப்போடலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதனாலதான் சொல்றேன். பெயிலான மாப்ளன்னா எங்கயும் போக மாட்டாரு, மெதுவாப் பாத்துக்கலாம். பாஸான மாப்ளய மூணு வருசம் வெளியில விட்டு வைக்க முடியுமா? திருச்சிக்காரன் எவனாச்சும் கொத்திக்கிட்டுப் போயிருவான்."

அப்பாவின் கண்ணில் ஒரு ஆசை மின்னியதைப் பார்த்தேன். சொந்த மகனுக்கே ஓலை வாசிக்கிற பாக்கியம் எத்தனை உபதேசியாருக்குக் கிடைக்கும்? நான் எழுந்தேன். நான்கு மாதம் பத்தி எழுதிப் பாஸானவன் அல்லவா? "மாமா, வந்து, நான் என்ன சொல்ல வாரேன்னா, படிக்கையில, அதாவது, வியாகுலமும் வந்து..." என்று பஸ் ஏறினேன். எங்கும் இறங்கவில்லை.

"ஒக்காருங்க அத்தான்" என்றாள் வியாகுலம். பிறகு அவள் அப்பாவுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, நான் இப்பக் கட்டிக்க மாட்டேன், டிரெயினிங் போறேன். நீங்களே என்னப் போகச் சொல்றதுக்கு நியாயம் இருக்கு."

"என்ன நியாயம்?"

"சாமியார் முன்னாடி வாக்குக் குடுத்தீங்க. அவரு பாஸானா நான் போகலாம்னு. அவரு பாஸாயிட்டாரு."

"வாக்குதான். நெலம மாறிப் போச்சுல்ல?"

"என்ன மாறுச்சு? அவரு புதுக்கோட்டையில படிக்கப் போறாரு. என்னக் கட்டிக் குடுத்தாலும் நான் ஒங்க வீட்டுலதான் ஒக்காந்திருக்கணும். மூணு வருசம் சும்மா ஒக்காருறதுக்குப் பதிலா ரெண்டு வருசம் படிச்சா வாத்தியாரம்மாவா வருவேன். டிரெயினிங் பள்ளிக்கூடத்து மதர் எனக்கு எடம் வச்சிருக்காங்க, இந்த வாரம் வரைக்கும்தான்."

"இவரு எங்கயாச்சும் போயிட்டாருன்னா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எடை போடுகிற பார்வை.

"இவரா? பேச ஆரம்பிச்சா முடிக்கத் தெரியாம நிக்கிறாரு. இவர யாரு கொத்துவா? அப்படியே போற ஆளா இருந்தா மூணு ஓலை வாசிச்சாலும் போவாரு, அந்த ஆளு எனக்கு எதுக்கு? நிக்கிற ஆளா இருந்தா மூணு வருசமும் நிப்பாரு. அதனால எப்படிப் பாத்தாலும் நான் போறதுதான் சரி. நாளைக்கே போறேன்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவந்ததை முதல் வரியிலேயே சொல்லி, வரிக்கு வரி அதையே தாங்கிப் பிடித்து, வேறு எதையும் உள்ளே விடாமல் கொண்டுபோய் இறக்கியிருந்தாள். பிரகதாம்பாள் மிஸ் அங்கே இருந்திருந்தால் சிவப்புப் பேனாவை மூடி வைத்திருப்பார்.

மாமா பதிலுக்கு வாழைத்தாரைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் "நிப்பேங்க மாமா" என்றேன். அன்றைக்கு நான் உருப்படியாக முடித்த ஒரே வாக்கியம் அதுதான்.

"அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்களேன்" என்றார் ஆரோக்கியம்மாள் அத்தை, பாயில் உட்கார்ந்தபடி.

மாமா தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தார். நிதானமாக உரித்தார். பாதி தின்றதும் கேட்டார்:

"திருச்சிக்குக் காலையில மொத பஸ்ஸு எப்ப மாப்ள?"

"விடிஞ்சதும் விராலிமலையில ஒண்ணு இருக்குங்க மாமா."

"அதுல பொட்டியோட ஏற விடமாட்டாங்க" என்றாள் வியாகுலம். "அதுக்கடுத்தது கீரனூர் வழியா வரும். கண்டக்டர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். நீங்க வண்டிய மட்டும் பூட்டுங்கப்பா."